ரோட்டரி எஞ்சின் விமானத்தில் எரிபொருள் இஞ்செக்‌ஷனை டியூன் செய்வது: முதல் தடவை இறங்குபவருக்கு

கார் டியூன் செய்து பழகியவரிடம் விமானத்தில் பொருத்திய ரோட்டரி எஞ்சினை, அதாவது பிஸ்டனுக்குப் பதிலாக முக்கோண ரோட்டார் சுழலும் எஞ்சினை, கொடுத்தால், அவர் கை முதலில் போவது முழு த்ராட்டிலுக்குத்தான். விமானத்தில் அந்த இடம் உண்மையில் சுலபம். கொஞ்சம் தாராளமாக எரிபொருள் கொடுத்தால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். வேலை இருப்பது எதிர்முனையில். த்ராட்டிலை மூடி ஓடுதளத்தை நோக்கி இறங்கும்போது ப்ரொப்பெல்லரைக் காற்று சுழற்றுகிறது, மேனிஃபோல்டு அழுத்தம் (எஞ்சினுக்குள் காற்று போகும் குழாயில் உள்ள அழுத்தம்) தரையில் நீங்கள் ஒருநாளும் பார்த்திராத அளவுக்குக் கீழே போகிறது, அந்த இடத்தில் எரிபொருள் அட்டவணையில் (எந்த அழுத்தத்துக்கு, எந்த ஆர்பிஎம்முக்கு எவ்வளவு எரிபொருள் என்ற பட்டியலில்) இருப்பதோ நீங்கள் யூகித்துப் போட்ட எண். எண் தப்பாக இருந்தால் இருமல், இல்லாவிட்டால் மௌனம், அதுவும் உயரம் குறைவாக இருக்கும் நேரத்தில். அதனால் இந்தக் கட்டுரை முழுக்க அட்டவணையின் அடிமூலையைப் பற்றிய கவலையோடுதான் போகும்.

நான் மனதில் வைத்திருப்பது டர்போ இல்லாத, இரண்டு ரோட்டார் கொண்ட மஸ்டா 13பி. ரோட்டாருக்கு இரண்டு இஞ்செக்டர் வீதம் நான்கு. மேனிஃபோல்டு அழுத்தத்தையும் காற்று வெப்பத்தையும் வைத்து எரிபொருளைக் கணக்கிடும் ஈசியூ, அதாவது எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி. பைலட் கைக்கு எட்டும் இடத்தில், எரிபொருளைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு கலவைக் குமிழ். குமிழ் இல்லாத ஈசியூவை வைத்தும் செய்யலாம்தான், ஆனால் முதல் தடவை செய்பவருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். மடிக்கணினியில் எண்ணைத் தேடி மாற்றுவதற்கும், ஒரு குமிழைக் கால் சுற்று ரிச் (எரிபொருள் கூடுதல்) பக்கம் திருப்புவதற்கும் இடையில் போகும் நேரம் விமானத்தில் ரொம்பப் பெரியது.

முதலில் கொஞ்சம் கணக்கு

13பி-யின் ஒரு அறை 654 சிசி. ரோட்டார் ஒரு சுற்று முடிப்பதற்குள் எக்ஸென்ட்ரிக் ஷாஃப்ட் (எஞ்சினின் முக்கியத் தண்டு) மூன்று சுற்று சுற்றிவிடும், ரோட்டாருக்கு மூன்று முகம், ஆக ஷாஃப்டின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒவ்வொரு ரோட்டாரும் ஒரு தடவை மூச்சு இழுக்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் பெருக்கல் வகுத்தல்தான்.

கடல் மட்டத்தில் முழு த்ராட்டிலில் அறை முழுவதுமாக நிரம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். 654 சிசி காற்று சுமார் 0.78 கிராம். காற்று 12.5-க்குப் பெட்ரோல் 1 என்ற எடை விகிதத்தில் அதற்கு வேண்டிய பெட்ரோல் சுமார் 0.063 கிராம், அதாவது 0.085 சிசி. நிமிடத்துக்கு 460 சிசி தரும் இஞ்செக்டர் இரண்டும் சேர்ந்து திறந்தால் இதை ஊற்ற 5.5 மில்லிவினாடி ஆகும். இதோடு திறக்கும் தாமதம் ஒன்று உண்டு: மின்சாரம் வந்த பிறகு ஊசி மேலே எழும்பவே ஏறக்குறைய 1 மில்லிவினாடி போய்விடும், அந்த நேரத்தில் எரிபொருள் வராது. ஆக மொத்தம் 6.5. 6000 ஆர்பிஎம்மில் ஒரு சுற்றுக்குக் கிடைப்பது 10 மில்லிவினாடி. போதுமான இடம் இருக்கிறது, நல்லது.

இப்போது இதே கணக்கை இறங்கும்போது போடுங்கள். மேனிஃபோல்டு அழுத்தம் 25 கிலோபாஸ்கல் அளவுக்கு விழுந்துவிட்டது, ஓடுவது முதல் தொகுதி இஞ்செக்டர்கள் (ரோட்டாருக்கு ஒன்று) மட்டும், அறையிலோ பாதி பழைய புகை. உண்மையில் எரிபொருள் ஊற்றும் நேரம் 1.5 மில்லிவினாடி என்று வைத்துக்கொண்டால், திறக்கும் தாமதத்தை 0.3 மில்லிவினாடி தப்பாகப் போட்டிருந்தால்கூட கலவை 20 சதவிகிதம் பிசகிவிடும். முழு த்ராட்டிலில் அதே 0.3 பிசகு ஐந்தாறு சதவிகிதம்தான், எஞ்சின் கண்டுகொள்ளாது. அடிமூலை ஏன் இவ்வளவு கெடுபிடி என்பதற்கு இதுதான் காரணம். இஞ்செக்டர் வாங்கும்போதே திறக்கும் தாமதத்தின் அளவை, வெவ்வேறு வோல்டேஜுக்கு எவ்வளவு என்ற பட்டியலோடு, கேட்டு வாங்குங்கள். அப்புறம் பெரிதாக இருந்தால் நல்லதுதானே என்று 1000 சிசி இஞ்செக்டரைப் போடாதீர்கள்; பெரிசு போடப் போட இந்த அடிமூலை இன்னும் மோசமாகும்.

எஞ்சின் ஓடாமலே முடிக்க வேண்டியவை

டியூனிங் பிரச்சினை என்று வருவதில் பாதிக்கு மேல் டியூனிங் பிரச்சினையே இல்லை என்பது என் அபிப்பிராயம். ஆகவே பொறுமையாக இதைச் செய்யுங்கள்.

எரிபொருள் அழுத்தம் எஞ்சின் ஓடாதபோது சுமார் 3 பார் இருக்க வேண்டும், இரண்டு பம்ப்பையும் தனித்தனியாகப் போட்டுப் பார்க்க வேண்டும். ரெகுலேட்டரின் ரெஃபரன்ஸ் குழாய் மேனிஃபோல்டில் இணைந்திருந்தால் ஐடிலில் இந்த அளவு தானாகக் குறையும்: மேனிஃபோல்டு 40 கிலோபாஸ்கல் என்றால் கேஜில் 2.4 பார் காட்டும். அது பழுது இல்லை, அப்படித்தான் இருக்க வேண்டும். குறையவில்லை என்றால்தான் குழாயைத் தேட வேண்டும். பிறகு எரிபொருள் ஓட்டத்தை அளந்து பாருங்கள். விமானத்தின் மூக்கை ஏறும் கோணத்துக்குத் தூக்கி வைத்து, திரும்பும் குழாயை ஒரு கேனில் விட்டு, ஒரு நிமிடத்துக்கு எவ்வளவு வருகிறது என்று பார்க்க வேண்டும். முழுத் திறனுக்கு வேண்டியதைப் போல 125 சதவிகிதமாவது வர வேண்டும். மேலே போட்ட கணக்கின்படி 6000 ஆர்பிஎம்மில் நிமிடத்துக்கு ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் மேல் செலவாகும், ஆக ஒண்ணேகால் லிட்டருக்குக் குறைந்தால் பறக்கும் பேச்சே வேண்டாம்.

சாவியைப் போட்டு, எஞ்சினை ஓட்டாமல், சென்சார்களைப் படியுங்கள். மேனிஃபோல்டு அழுத்தம் அன்றைய வெளிக்காற்று அழுத்தத்தோடு ஒத்துப்போக வேண்டும். குளிர்ந்த எஞ்சினில் காற்று வெப்பமும் கூலன்ட் வெப்பமும் ஒரே எண்ணைக் காட்ட வேண்டும். காற்று வெப்ப சென்சார் எங்கே இருக்கிறது என்பதையும் பாருங்கள். கௌலிங்குக்குள் (எஞ்சின் உறைக்குள்) சூடான அலுமினியத்தில் திருகி வைத்திருந்தால் உள்ளே போகும் காற்று 20 டிகிரியாக இருக்கும்போது சென்சார் 60 என்று சொல்லும், ஈசியூ அதை நம்பி எரிபொருளை 12 சதவிகிதம் குறைத்துவிடும். டாக்ஸி போய் நின்று காத்திருந்து, அப்புறம் டேக்-ஆஃப் எடுக்கும் அந்த நிமிடத்தில் எஞ்சின் லீனாகப் (எரிபொருள் குறைந்து) போவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

இக்னிஷன் டைமிங்கை டைமிங் லைட் வைத்துச் சரிபார்த்து ஒரே எண்ணில் பூட்டிவிடுங்கள். ஒவ்வொரு ரோட்டாருக்கும் உள்ள இரண்டு பிளக்கில் முதலில் பொறி தரும் லீடிங் பிளக் 20 டிகிரியை ஒட்டி, அடுத்ததான ட்ரெய்லிங் அதற்குப் பத்து பதினைந்து டிகிரி பின்னால், ஆரம்பத்துக்கு அது போதும். எரிபொருளையும் டைமிங்கையும் ஒரே நாளில் மாற்றினால் எது எதைக் கெடுத்தது என்று ஒருநாளும் தெரியாது.

மஸ்டாவின் ஆயில் மீட்டரிங் பம்ப்பைக் கழற்றிவிட்டிருந்தால், எரிபொருளிலேயே டூ-ஸ்ட்ரோக் ஆயில் கலக்க மறக்காதீர்கள். அது அபெக்ஸ் சீலுக்கான (ரோட்டாரின் முனைகளில் இருக்கும் சீல்) உயவு, முதல் ஸ்டார்ட்டிலிருந்தே வேண்டும்.

வைட்பேண்ட் சென்சாரை எங்கே வைப்பது

வைட்பேண்ட் என்பது எக்ஸாஸ்ட்டில் உள்ள ஆக்சிஜனைப் பார்த்துக் கலவை விகிதத்தைச் சொல்லும் சென்சார். பிஸ்டன் எஞ்சினுக்குச் சொன்ன இடத்தில் ரோட்டரிக்கு வைத்தால் சென்சார் வெந்துவிடும். ரோட்டரியின் எக்ஸாஸ்ட் வெளியே வரும்போதும் எரிந்துகொண்டே வருகிறது, குரூஸிலேயே (சீரான வேகத்தில் பறக்கும்போதே) 900 டிகிரி செல்சியஸை ஒட்டிப் போகும். பரவலாகப் புழங்கும் பாஷ் எல்எஸ்யூ 4.9 சென்சார் தொடர்ச்சியாகத் தாங்குவது 930 டிகிரி. ஆகவே போர்ட்டிலிருந்து முடிந்த அளவு தள்ளி, முனை கீழ்நோக்கிச் சாய்ந்து நீர் தேங்காதபடி வையுங்கள். சென்சாருக்கு முன்னால் ஜாயின்ட்டில் கசிவு இருந்தால் வெளிக்காற்றை உள்ளே இழுத்து, இல்லாத லீனைக் காட்டும். இன்னொன்று, ஈயம் கலந்த விமானப் பெட்ரோல் இந்த சென்சாரைச் சீக்கிரம் கொன்றுவிடும், அதுவும் ஒரே நாளில் சாகாமல் மெல்ல மெல்லப் பொய் சொல்ல ஆரம்பிக்கும். டியூன் செய்யும் காலத்திலாவது ஈயமில்லாத எரிபொருளைப் போடுங்கள். ஒவ்வொரு ரோட்டாருக்கும் ஒரு எக்ஸாஸ்ட் வெப்பமானி இருந்தால் வைட்பேண்ட் பொய் சொல்லும் நாளில் அது கைகொடுக்கும்.

முதல் ஸ்டார்ட்டும் ஐடிலும்

வாலைக் கட்டுங்கள், சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள், தீயணைப்பானோடு ஒருவர் பக்கவாட்டில் நிற்கட்டும், ப்ரொப்பெல்லரின் சுழற்சித் தளத்தில் யாரும் நிற்கக் கூடாது.

ரோட்டரி பெட்ரோல் வெள்ளத்துக்குப் பேர் போனது. ஸ்டார்ட் ஆகாமல் சுழற்றிக்கொண்டே இருந்தால் பெட்ரோல் சீல்களின் மேலிருக்கும் எண்ணெயைக் கழுவிவிடும், கம்ப்ரெஷன் போய்விடும், கம்ப்ரெஷன் போனதால் இன்னும் ஸ்டார்ட் ஆகாது. இதற்காகவே இஞ்செக்டர் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச் ஒன்றை, முதல் தொகுதிக்கும் இரண்டாம் தொகுதிக்கும் தனித்தனியாகப் போட்டுவிடுங்கள். நாலைந்து வினாடியில் பிடிக்கவில்லை என்றால் இஞ்செக்டரை அணைத்து, த்ராட்டிலை முழுக்கத் திறந்து, வெறும் காற்றில் சுழற்றி உலர்த்தி, பிறகு மறுபடி முயலுங்கள்.

ஓட ஆரம்பித்ததும் எதையும் திருத்தாதீர்கள். கூலன்ட் 70 டிகிரி தாண்டும் வரை குமிழால் மட்டும் பிடித்து வையுங்கள். குளிர்ந்த எஞ்சினில் திருத்தும் ஒவ்வொரு எண்ணையும் சூடானதும் திரும்பத் திருத்த வேண்டி வரும்.

இங்கேதான் நான் ஒரு சாயங்காலம் முழுவதையும் தொலைத்தேன். ஐடில் தடுமாறியது, வைட்பேண்ட் 16 என்றது, லீன் என்று எரிபொருள் சேர்த்தேன், 17 ஆனது, இன்னும் சேர்த்தேன். உண்மையில் கலவை அளவுக்கு மீறி ரிச்சாக இருந்து தீப்பற்றாமல் போயிருக்கிறது; எரியாத ஆக்சிஜன் அப்படியே வெளியே வர, சென்சார் அதைப் பார்த்து லீன் என்றிருக்கிறது. சென்சார் எரிபொருளைப் பார்ப்பதில்லை, ஆக்சிஜனைப் பார்க்கிறது. தப்புத்தப்பாக எரியும் எஞ்சினில் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை. கண்ணில் நீர் வரும் அளவுக்குப் பெட்ரோல் நாற்றம் அடித்ததை நான் ஏன் பொருட்படுத்தவில்லை என்பது எனக்கே புரியாத விஷயம்.

அதனால் ஐடிலில் எண்ணை விடுங்கள், ஆர்பிஎம்மைப் பாருங்கள். குமிழை மெல்ல லீன் பக்கம் திருப்பி எங்கே ஆர்பிஎம் சரிகிறது என்று குறியுங்கள், பிறகு ரிச் பக்கம் திருப்பி எங்கே சரிகிறது என்று குறியுங்கள். இரண்டுக்கும் நடுவில், கொஞ்சம் ரிச் பக்கம் சாய்ந்து நில்லுங்கள். புறவிளிம்பு எக்ஸாஸ்ட் போர்ட் உள்ள பழைய 13பி 12-க்கும் 13-க்கும் இடையில் எங்கேயோ நிம்மதியாக ஓடும். ஆர்எக்ஸ்-8 காரில் 2003-இல் வந்த ரெனிசிஸ் எஞ்சினில் இன்டேக்கும் எக்ஸாஸ்ட்டும் ஒரே நேரத்தில் திறந்திருப்பதில்லை, அது இதைவிட லீனாகவும் அமைதியாக ஓடும்.

படிப்படியாக மேலே

ஐடில் சரியான பிறகு த்ராட்டிலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, மேனிஃபோல்டு அழுத்தம் ஐந்து கிலோபாஸ்கல் கூடும் ஒவ்வொரு படியிலும் அரை நிமிடம் நிறுத்துங்கள். குமிழால் கலவையைச் சரி செய்து, எத்தனை சதவிகிதம் திருப்ப வேண்டியிருந்தது என்று எழுதுங்கள். எஞ்சினை அணைத்த பிறகுதான் அந்தச் சதவிகிதங்களை அட்டவணையில் ஏற்ற வேண்டும். மாற்றிய எண்களை ஒரு வரைபடமாகப் போட்டுப் பாருங்கள்: சீராக ஏறும் கோடாக இருக்க வேண்டும். நடுவில் ஒரு குழியோ மேடோ இருந்தால் எஞ்சின் அப்படிக் கேட்டிருக்காது, நீங்கள் அவசரப்பட்டிருக்கிறீர்கள்.

நிலையான கோணமுள்ள ப்ரொப்பெல்லர் என்றால் தரையில் உங்களுக்குக் கிடைப்பது அட்டவணையின் குறுக்கே ஓடும் ஒரு ஒற்றைக் கோடு மட்டும்தான். இந்த ஆர்பிஎம்முக்கு இந்த அழுத்தம், அவ்வளவுதான், ப்ரொப்பெல்லர் வேறெங்கும் போக விடாது. கோட்டுக்கு இரண்டு பக்கமும் இருக்கும் கட்டங்களை, பக்கத்துக் கட்டத்தைப் பார்த்து, கொஞ்சம் ரிச்சாக நிரப்புங்கள். கீழே, ஐடிலுக்கும் குறைந்த அழுத்தங்களுக்கு, அதே கோட்டை அப்படியே நீட்டிக்கொண்டு போங்கள். பூஜ்ஜியமோ, ஈசியூ விற்றவர் போட்டுக் கொடுத்த எண்ணோ அங்கே கிடக்க விடாதீர்கள்.

முழுத் திறனில் 12-லிருந்து 12.5 வரை வையுங்கள். லீனாக விட்டு வெடித்தட்டல் (கலவை கட்டுப்பாடின்றி வெடிப்பது) வந்தால் அபெக்ஸ் சீல் உடையும், அதோடு அந்த எஞ்சினின் கதை முடிந்தது. தரையில் ரேடியேட்டருக்குப் போதுமான காற்று போகாது, ஆகவே காற்றை எதிர்நோக்கி நிறுத்தி, முழு த்ராட்டிலை வினாடிக் கணக்கில் மட்டும் பிடியுங்கள்.

ஸ்டேஜிங் என்னும் குழி

ஒரு குறிப்பிட்ட அழுத்தத்துக்கு மேல் இரண்டாம் தொகுதி இஞ்செக்டர்கள் சேர்ந்துகொள்ளும், அதுதான் ஸ்டேஜிங். நான்கும் ஒரே அளவு என்றால் அந்தக் கணத்தில் ஒவ்வொன்றும் திறந்திருக்கும் நேரம் பாதியாக வேண்டும். ஆனால் பாதியாக வேண்டியது எரிபொருள் ஊற்றும் நேரம் மட்டும்; திறக்கும் தாமதம் பாதியாகாது. முதல் தொகுதி 7 மில்லிவினாடி திறந்திருக்கிறது, அதில் தாமதம் 1, ஊற்றுவது 6. சேர்ந்த பிறகு ஒவ்வொன்றும் 3 ஊற்ற வேண்டும், தாமதத்தோடு 4. உங்கள் ஈசியூ 7-ஐ அப்படியே இரண்டால் வகுத்து 3.5 கொடுத்தால் ஊற்றுவது 2.5 மட்டும், ஏறக்குறைய 17 சதவிகிதம் லீன். த்ராட்டிலை ஏற்றும்போது ஒரே இடத்தில் எஞ்சின் ஒரு கணம் மூச்சு விடாமல் நிற்பது பெரும்பாலும் இதனால்தான். இஞ்செக்டர் அளவுகள் வேறுவேறு என்றால் விகிதத்தையும் சரியாகப் போட வேண்டும்.

கணக்கு சரியாக இருந்தாலும் ஒரு சின்னத் தடுமாற்றம் மிஞ்சும், ஏனென்றால் இரண்டாம் தொகுதி தெளிக்கும் குழாய்ச் சுவர் அதுவரை உலர்ந்து கிடந்தது, முதலில் அது நனைய வேண்டும். ஸ்டேஜிங் புள்ளிக்கு இரண்டு பக்கமும் உள்ள கட்டங்களைக் கொஞ்சம் ரிச்சாக வைத்துச் சமாளிக்கலாம். இதைவிட முக்கியம், அந்தப் புள்ளி நீங்கள் குரூஸ் போகும் அழுத்தத்திலோ, இறங்கும்போது பிடித்து வைக்கும் அழுத்தத்திலோ விழாமல் பார்த்துக்கொள்வது.

பறந்துகொண்டே

முதல் பறத்தலில் டியூனிங் கிடையாது. எல்லாம் ரிச், குமிழ் நடுவில், எஞ்சின் ஓடினால் போதும். அடுத்ததில்தான் ஆரம்பிக்க வேண்டும், அதுவும் ஓடுதளத்துக்கு நேர் மேலே, எஞ்சின் நின்றாலும் சறுக்கியே இறங்கிவிடக்கூடிய உயரத்தில். மடிக்கணினியை வைத்துக்கொண்டு தனியாகப் போகாதீர்கள். விதி அனுமதிக்கும் கட்டம் வந்த பிறகு இன்னொருவரைக் கூட்டிப்போங்கள், அதுவரை பதிவாகும் தரவைத் தரையில் வந்து படித்துக்கொள்ளலாம்.

முதலில் அடிமூலை. இறங்கும் வேகத்தில் விமானத்தை வைத்து, கை கலவைக் குமிழில் இருக்க, த்ராட்டிலை ஐந்து கிலோபாஸ்கல் வீதம் குறைத்துக்கொண்டே வாருங்கள். தடுமாறினால் குமிழை எந்தப் பக்கம் திருப்பினால் சீராகிறது என்று பாருங்கள், அழுத்தத்தையும் ஆர்பிஎம்மையும் குறியுங்கள், த்ராட்டிலை ஏற்றி எஞ்சினைத் தெளியவிட்டு மறுபடி போங்கள். த்ராட்டில் முழுக்க மூடிய நிலையில் எஞ்சின் ஒரு நிமிடம் ஒழுங்காக ஓடி, பிறகு சட்டென்று திறந்ததும் இருமாமல் எழுந்து வர வேண்டும். தரையிறங்காமல் மறுபடி மேலே ஏற வேண்டி வந்தால் நீங்கள் செய்யப்போவது அதைத்தான். இந்த வேலை முடியும் வரை நான் ஒவ்வொரு இறக்கத்தையும், எஞ்சின் இல்லாமலே ஓடுதளத்தைத் தொடக்கூடிய உயரத்தில்தான் செய்தேன். அழகாக இருக்காது, பரவாயில்லை.

உயரம் ஏற ஏற இன்னொன்றும் நடக்கும். மேனிஃபோல்டு அழுத்தம் அதேதான், ஆனால் வெளிக்காற்று அழுத்தம் குறைந்துவிட்டதால் எக்ஸாஸ்ட் சுலபமாக வெளியேறுகிறது, பழைய புகை குறைந்து புதுக் காற்று கூடுதலாக வருகிறது, கலவை சற்று லீனாகிறது. ஈசியூவில் வெளிக்காற்று அழுத்தத் திருத்தம் இருந்தால் இதைக் கொண்டு அதை நிரப்பலாம், இல்லாவிட்டால் குமிழ் இருக்கவே இருக்கிறது.

குரூஸில் லீனாக ஓட்டுவதில் ரோட்டரி ஒரு ராஜா. எரிந்து போக எக்ஸாஸ்ட் வால்வே கிடையாது. எக்ஸாஸ்ட் வெப்பம் ஏறி உச்சம் தொட்டு, பிறகு இறங்க ஆரம்பிக்கும் பக்கத்தில், 16-ஐ ஒட்டி, குறைந்த திறனில் நிம்மதியாகப் போகலாம். முக்கால்வாசித் திறனுக்கு மேல் இதைச் செய்யாதீர்கள். உச்சத்திலேயே நீண்ட நேரம் நிற்காதீர்கள், எஞ்சின் தாங்கினாலும் மஃப்ளர் தாங்காது.

இரண்டாவது ஈசியூவும் வோல்டேஜும்

மாற்று ஈசியூ வைத்திருப்பவர்கள் ‘ஏ’-வைப் பல வாரம் செதுக்கிவிட்டு ‘பி’-யை அப்படியே விட்டுவிடுகிறார்கள். ‘பி’ தேவைப்படும் நாளில் அதில் இருப்பது பெட்டியில் வந்த எண். ஏ-யில் மாற்றிய ஒவ்வொரு முறையும் பி-க்கு நகலெடுங்கள், ஒவ்வொரு ரன்-அப்பிலும் (பறக்கும் முன் தரையில் எஞ்சினை ஓட்டிப் பார்க்கும் சோதனையில்) பி-க்கு மாற்றி ஓட்டிப் பாருங்கள். இரண்டும் ஒரே மேனிஃபோல்டு குழாயைப் பகிர்ந்தால் அந்த ஒரு குழாய் கழன்றதும் இரண்டுமே வெளிக்காற்று அழுத்தத்தைப் படித்து எஞ்சினைப் பெட்ரோலில் மூழ்கடிக்கும். தனித்தனிக் குழாய் போடுங்கள்.

ரன்-அப்பில் லீடிங், ட்ரெய்லிங் இரண்டையும் ஒவ்வொன்றாக அணைத்துப் பார்க்கும்போது லீடிங் இல்லாமல் ஆர்பிஎம் அதிகமாக விழும், அது இயல்பு. இஞ்செக்டர் தொகுதியை அணைத்துப் பார்ப்பதும் அவசியம், ஆனால் உங்கள் ஈசியூ என்ன செய்கிறது என்று தெரிந்து செய்யுங்கள். சுவிட்ச் வெறும் மின்சாரத்தை மட்டும் துண்டித்தால், மிச்சமிருக்கும் தொகுதி பாதி நேரம்தான் திறக்கும், நீங்கள்தான் குமிழை ரிச் பக்கம் திருப்ப வேண்டும். மேலே போட்ட 460 சிசி கணக்கில் ஒரே தொகுதியால் 6000 ஆர்பிஎம்மில் முழு அழுத்தத்துக்கு ஈடுகொடுக்க முடியாது, 75 கிலோபாஸ்கல் வரை முடியும். அந்த எண்ணை எஞ்சினுக்குத் தகுந்தபடி கணக்கிட்டு பேனலில் ஒட்டி வையுங்கள்.

கடைசியாக, தரையில் ஆல்டர்னேட்டரை அணைத்து, விளக்குகளைப் போட்டு, வோல்டேஜ் 14-லிருந்து 12-க்கு இறங்கும்படி விட்டு ஐடிலைக் கவனியுங்கள். வோல்டேஜ் குறையக் குறைய இஞ்செக்டர் திறக்கும் தாமதம் கூடும். அதற்கான திருத்தப் பட்டியல் சரியாக இருந்தால் வைட்பேண்ட் அசையாது. லீன் பக்கம் நகர்ந்தால் பட்டியலைத் திருத்திவிட்டு மறுபடி பாருங்கள், ஆல்டர்னேட்டர் செத்த நாளில் நீங்கள் இறங்கப்போவது அந்த வோல்டேஜில்தான். ப்ரொப்பெல்லரையோ மஃப்ளரையோ ரெகுலேட்டரையோ மாற்றினால், பழைய அட்டவணையைத் தேதி போட்டுத் தனியாகச் சேமித்துவிட்டு, உயரத்தில் த்ராட்டிலை மூடிப் பார்க்கும் அந்த வேலையை மறுபடி முதலிலிருந்து செய்யுங்கள்.